பலகையில் ஆறாவது வரி

வரிசை என்றால் வரிசைதான். இதைச் சொன்னவன் நான். சரணாலய வாசலில், டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில், தகரப் பலகையில் பெயிண்டால் எழுதி மாட்டியவனும் நான்தான். மொத்தம் ஐந்து வரி. ரிக்‌ஷாக்காரன் வந்ததும் தன் நம்பர் வில்லையை ஆணியில் மாட்ட வேண்டும். கூப்பிட்ட நம்பர்தான் சவாரி ஏற்ற வேண்டும். கூப்பிட்டும் வராதவன் கடைசிக்குப் போக வேண்டும். வில்லையை இன்னொருவனோடு மாற்றிக்கொள்ளக் கூடாது. மீறினால் பதினைந்து நாள் வாசல் பக்கம் தலைகாட்டக் கூடாது.

கொடுமை என்று நினைப்பீர்கள். அதற்கு முந்தைய காலத்தை நீங்கள் பார்த்ததில்லை. பரத்பூருக்குப் பறவை பார்க்க வந்து இறங்குகிற வெள்ளைக்காரனின் வலது கையை ஒருத்தன் இழுப்பான், இடது கையை இன்னொருத்தன் இழுப்பான். ஒரு தடவை ஜப்பான்காரர் ஒருவரின் மூக்குக் கண்ணாடியே உடைந்துபோனது. பறவைகளுக்கு முன்னால் மூச்சுக்கூட சத்தமாக விடாத நாங்கள், வாசலில் சந்தைக்கடை மாதிரி கத்திக்கொண்டிருந்தோம். அந்த அசிங்கத்தை நிறுத்தியவன் லக்கா சிங், ஒன்பதாம் நம்பர். அதில் எனக்குப் பெருமை உண்டு. இருந்தது என்று சொல்ல வேண்டும்.

என் மனைவி சிந்தோ இந்தக் காட்டுக்குள் காலெடுத்து வைத்ததே இல்லை. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். வீட்டிலிருந்து வாசலுக்கு சைக்கிளில் கால் மணி நேரம். குளிர்காலம் வந்தால், "இப்ப சீசன், எனக்கு நேரமில்ல, முடியட்டும்" என்பேன். சீசன் முடிந்தால், "இப்ப என்ன இருக்கு, குளமெல்லாம் காஞ்சு கெடக்கு, வாத்தெல்லாம் கெளம்பிப் போயாச்சு" என்பேன். இப்படியே இருபத்தெட்டு சீசன் போனது. அவளும் எருமையைக் கறந்தாள், மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள், எனக்குத் தினமும் பராத்தா கட்டிக் கொடுத்தாள். ஒரு நாள்கூடக் குறை சொல்லவில்லை.

போன வருஷம் அவள் வலது கண் போனது. இடது கண்ணிலும் புரையும் அழுத்தமும் சேர்ந்துகொண்டன. ஜெய்ப்பூர் டாக்டர் ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமைக்கு ஆபரேஷன் குறித்தார். "பாதிக்குப் பாதிதான் சொல்ல முடியும்" என்றார். பேருந்தில் திரும்பி வரும்போது சிந்தோ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"ஊர் உலகத்துக்கெல்லாம் காட்டுறீங்களே அந்த சாரஸ் கொக்கு. ஆளுயரம் இருக்கும், ஜோடி பிரியாதுன்னு சொல்வீங்களே. அதை எனக்கும் காட்டிடுங்க, சர்தார்ஜி. செவ்வாய்க்கிழமைக்கு முன்னாடி."

ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போகிறேன் என்றேன்.

திட்டம் சுலபமானது. இருட்டிலேயே போய் முதல் ஆணியில் என் வில்லையை மாட்டினேன். ஜன்னல் திறந்ததும் முதல் டிக்கெட்டை சிந்தோ வாங்க வேண்டும். முதல் டிக்கெட்டுக்கு முதல் நம்பர். விதியும் கெடாது, விஷயமும் முடிந்துவிடும். ரிக்‌ஷா இருக்கைக்குப் புது உறை போட்டிருந்தேன். குளிருக்குக் கம்பளி, கோடு போட்டது, மடித்து வைத்திருந்தேன்.

மூடுபனி என்றால் அப்படி ஒரு மூடுபனி. பத்தடிக்கு அப்பால் எருமை நின்றாலும் தெரியாது. என் பின்னால் ஒவ்வொருவராக வந்து வில்லையை மாட்டினார்கள். இரண்டாவது ஆணியில் மாட்டியவன் பதினேழாம் நம்பர், ஜோகா சிங். மாட்டிவிட்டு என்னைப் பார்க்காமல் தள்ளிப் போய் நின்றான். ஏழு வருஷமாக அப்படித்தான்.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன், மறைப்பானேன். ஹாலந்திலிருந்து ஒரு அம்மாள் ஒன்பது குளிர்காலம் தொடர்ந்து வந்தாள். வந்தால் ஜோகா சிங்கின் ரிக்‌ஷாதான். பலகை மாட்டிய வருஷம் அவள் அவனுக்குக் கடிதம் போட்டுவிட்டு வந்தாள். அன்று ஜோகாவின் வில்லை எங்கோ இருபதாவது ஆணியில். அவள் அவன் பெயரைச் சொல்லிக் கேட்டாள், அவனும் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். திரும்பி வந்ததும் நான் எல்லார் முன்னாலும் ஐந்தாவது வரியைப் படித்துக் காட்டினேன். பதினைந்து நாள். "லக்கா, அந்தம்மா உடம்பு சரியில்லாம வந்திருக்கு. இது கடைசித் தடவைடா" என்று கெஞ்சினான். "எல்லாரும் இப்படித்தான் ஒரு கதை சொல்வாங்க" என்றேன். அந்த அம்மாள் மீதி நாளெல்லாம் வேறு வேறு ரிக்‌ஷாவில் போனாள். அந்தக் கோடையிலேயே செத்துப்போனாள். அவள் மகள் தபாலில் ஜோகாவுக்கு அம்மாவின் பைனாகுலரை அனுப்பினாள். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் அவன் தினமும் வருவான். தினமும் நான் அதைப் பார்க்க வேண்டும்.

சிந்தோ அன்றே சொன்னாள், நான் செய்தது தப்பு என்று. "உனக்கு வாசல் நியாயம் தெரியாது" என்று அவள் வாயை அடைத்தேன்.

ஜன்னல் திறந்தது. சிந்தோவைக் காணோம்! பக்கத்து வீட்டுப் பெண் கூட்டி வந்து விடுவதாக ஏற்பாடு. பனிக்குள் எட்டி எட்டிப் பார்க்கிறேன். வந்தது யார் தெரியுமா? ஆக்ராவிலிருந்து காரில் வந்த ஒரு புதுக் கல்யாண ஜோடி. டிக்கெட் கொடுக்கிற ரூப்கிஷோர் தலையை வெளியே நீட்டி, "நம்பர் ஒன்பது!" என்று கத்தினார்.

நான் குனிந்து சங்கிலியைத் தொட்டுப் பார்த்தேன். டயரை அமுக்கினேன். இருக்கையைத் தட்டினேன்.

"சர்தார்ஜி, ரிக்‌ஷாவுக்கு அலங்காரம் பண்றீங்களா? சவாரி நிக்குது" என்றார் ரூப்கிஷோர்.

அந்தப் புதுமாப்பிள்ளை வேறு, "சீக்கிரம் சீக்கிரம், நாங்க மத்தியானத்துக்குள்ள கோட்டையும் பார்க்கணும், டீக் அரண்மனையும் பார்க்கணும்" என்று பறந்தான். அவர்கள் ஏறி உட்கார்ந்தார்கள். என் கம்பளியை அந்தப் பெண் எடுத்துப் போர்த்திக்கொண்டாள். அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கையைப் பிடித்தபடி பனிக்குள்ளிருந்து சிந்தோ வந்தாள். ஏன் தாமதம் என்று கேட்க வேண்டியதே இல்லை. பெட்டியின் அடியில் கிடந்த அவளுடைய கல்யாணத் துப்பட்டா, சிவப்பில் மஞ்சள் பூ வேலை செய்தது, அதைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

டிக்கெட் வாங்கினாள். ரூப்கிஷோர் வில்லைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மெதுவாக, "பதினேழு" என்றார்.

இருபது ரிக்‌ஷாக்காரர்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ரூப்கிஷோர்தான் வெளியே வந்து என் காதோரம் சொன்னார்: "சர்தார்ஜி, உங்க சம்சாரம். விஷயம் எல்லாருக்கும் தெரியும். மாத்திக்குங்க. ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

ஜோகா கைப்பிடியைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட நான் சண்டை போட்டிருப்பேன். அவன் நின்ற விதம்தான் என்னைக் கொன்றது. அன்றைக்கு அவன் கெஞ்சினான், நான் மாட்டேன் என்றேன். இன்றைக்கு எனக்கு ஒரு நியாயமா?

சிந்தோவே முடித்து வைத்தாள். "வரிசைன்னா வரிசைதானே? நீங்க எழுதினதுதானே அது?" என்று கேட்டுவிட்டு, கையைத் துழாவி ஜோகாவின் ரிக்‌ஷாவைப் பிடித்தாள். ஜோகா, "பாத்து பாபி, படி உயரம்" என்று, அண்ணி முறை வைத்துக் கூப்பிட்டு, முழங்கையைத் தாங்கி ஏற்றினான்.

அன்றைய சவாரியைப் போல ஒரு கேவலமான சவாரியை என் வாழ்நாளில் நான் ஓட்டியதில்லை. புதுமாப்பிள்ளை, "அது என்ன பறவை?" என்று கேட்டால், "பறவைதான்" என்றேன். மீன்கொத்தியை மரங்கொத்தி என்றேன். புள்ளி ஆந்தைகள் இரண்டு வழக்கமான பொந்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன, அதைக் காட்டாமலேயே கடந்துவிட்டேன். என் காதெல்லாம் பின்னால். ஜோகா என்ன சொல்கிறான்? அவன் குரல் பனிக்குள்ளிருந்து முணுமுணுவென்று வந்தது, வார்த்தை புரியவில்லை. நடுவில் சிந்தோ சிரித்தாள். சிரிக்கிறாளே! அப்படி என்னடா சொல்கிறான் அவளிடம்?

வேலமரங்கள் நிற்கிற வளைவில், நான் தினமும் வண்டியை நிறுத்திச் சாப்பிடுகிற இடத்தில், அவர்கள் வண்டி நின்றுவிட்டது, பேச்சுச் சத்தம் மட்டும் வெகுநேரம் வந்தது. அங்கே ஒரு கொக்கும் கிடையாது, ஒரு நாரையும் கிடையாது. வெறும் மரம்! அதைக் காட்டி என்ன பேச்சு? நான் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன்.

பத்து மணிக்கு வெயில் வந்தது. பனி மெல்லக் கலைந்தது. கோயில் பக்கத்துச் சதுப்பில் சாரஸ் ஜோடி நின்றது. நான் இந்தப் பக்கக் கரையில், அவர்கள் அந்தப் பக்கக் கரையில். ஜோகா பைனாகுலரைக் கழற்றினான். அந்த ஹாலந்து அம்மாளின் பைனாகுலர். அதை அவன் சவாரிக்காரர் யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை. சிந்தோவின் கழுத்தில் மாட்டி, இடது கண்ணுக்குச் சரியாகப் பிடித்து, திருகித் திருகி அவள் "இல்ல... இல்ல..." என்று சொல்லச் சொல்ல நிதானமாகத் திருப்பிக்கொண்டே இருந்தான். திடீரென்று தண்ணீரைத் தாண்டி அவள் குரல் கேட்டது:

"ஐயோ! கழுத்து செவப்பா இருக்கே!"

சரணாலயத்தில் அப்படிக் கத்தக் கூடாது. கரையில் நின்ற போட்டோக்காரர்கள் எல்லாம் திரும்பி முறைத்தார்கள். அந்த இரண்டு கொக்கும் பறக்கவில்லை. கழுத்தை நீட்டி, வானத்தைப் பார்த்து, ஒன்று மாற்றி ஒன்று கூவின. சிந்தோ துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இருபத்தெட்டு வருஷமாக நான் பார்த்திருக்க வேண்டிய முகம் அது. நான் இக்கரையில் நின்று யாரோ மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப கோட்டைக்குப் போலாமா?" என்றான் புதுமாப்பிள்ளை.

அன்று சாயங்காலம் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிந்தோ ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி தானே ஆரம்பித்தாள்.

"என்ன, கோவமா?"

"எனக்கென்ன கோவம். கொக்கு பார்த்தாச்சில்ல?"

"கொக்கு மட்டுமா பார்த்தேன்? அந்த வேலமரத்தைப் பார்த்தேன். அங்க உக்காந்து தினமும் என் பராத்தாவைப் பிரிப்பீங்களாமே. மாங்கா ஊறுகாயை சவாரிக்காரங்களுக்கெல்லாம் நீட்டி, 'என் பெண்டாட்டி போட்டது, இந்த ஜில்லாவுலயே இப்படி ஊறுகா கிடையாது'ம்பீங்களாம். ஒரு இங்கிலீஷ்காரன் காரம் தாங்காம குளத்துத் தண்ணியைக் குடிக்கப் போனானாமே?"

"ஜோகாவுக்கு எப்படித் தெரியும்?"

"எதிர்ல வண்டி மிதிச்சிட்டுப் போறவருக்குக் காது கேக்காதா? ஏழு வருஷமா நீங்கதான் பேசல. அவருக்குக் காது நல்லாத்தான் இருக்கு." ஒரு ரொட்டியை என் தட்டில் போட்டாள். "வீட்டுல ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஊறுகா நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கீங்களா?"

நான் ரொட்டியைப் பிய்த்தேன்.

"இன்னொண்ணும் சொன்னார்" என்றாள். குரல் மாறிவிட்டது. "என் வலது கண்ணு போச்சுன்னு டாக்டர் சொன்ன மறுநாள், நீங்க அந்த மரத்தடியில வண்டியைப் போட்டுட்டு ஓன்னு அழுதீங்களாம். அவர் பின்னால வந்துக்கிட்டு இருந்தாராம். ரோட்டுல குறுக்க வண்டியை நிறுத்திட்டாராம். வர்றவன் போறவனையெல்லாம், 'அந்தப் பக்கம் மலைப்பாம்பு குறுக்க கெடக்கு, கொஞ்சம் இருங்க'ன்னு நிறுத்தி வெச்சாராம். நீங்க முகத்தைக் கழுவிட்டு ஏறிப் போற வரைக்கும்."

அன்று எனக்கு நினைவிருந்தது. அரைமணி நேரம் அந்தச் சாலையில் ஒரு ரிக்‌ஷாகூட வரவில்லையே, நல்லதாகப் போயிற்று என்று நினைத்திருந்தேன். குளிர்கால நடுவில், அத்தனை கூட்டத்தில், சாலை தானாகவா காலியாகும்? எனக்குத் தோன்றவே இல்லை. நான் எப்பேர்ப்பட்ட முட்டாள் என்று உங்களுக்கே தெரிகிறது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அழுதேன். சிந்தோ மாவுக் கையோடு என் தலையைப் பிடித்துக்கொண்டாள். தலைப்பாகையெல்லாம் மாவு.

மறுநாள் மதியம் ஜெய்ப்பூருக்குப் பேருந்து. காலையில் பெயிண்ட் டப்பாவோடு வாசலுக்குப் போனேன். எல்லாரும் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். ஸ்டூலைப் போட்டு ஏறி, ஐந்து வரிக்குக் கீழே ஆறாவது வரி எழுதினேன்: "சவாரிக்காரர் பெயர் சொல்லிக் கேட்டால், அந்தப் பெயருக்குரியவரே போகலாம்."

இறங்கித் திரும்பினேன். ஜோகா டம்ளரோடு நின்றுகொண்டிருந்தான்.

"ஜோகா, இதை அன்னைக்கே எழுதியிருக்கணும். அந்தம்மாவை நீதான் கூட்டிட்டுப் போயிருக்கணும். தப்பு என்னோடது. எல்லாருக்கும் கேக்கட்டும்னுதான் இங்க வெச்சு சொல்றேன்."

அவன் பலகையை நிமிர்ந்து பார்த்தான். பைனாகுலர் வாரைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தான். கடைசியில், "வரி கோணலா போகுது" என்றான். பிறகு தன் டம்ளரிலிருந்து பாதி டீயை இன்னொரு டம்ளரில் ஊற்றி என்னிடம் நீட்டினான். "குடி. பாபி கண்ணு நல்லாயிடும்."

ஜெய்ப்பூரில் நடந்ததையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. கட்டுப் பிரித்த அன்று டாக்டர் மூன்று விரலைக் காட்டினார். சிந்தோ, "மூணு" என்றாள். "மோதிரம் லூசா இருக்கு டாக்டர், விழுந்துடப் போகுது" என்றும் சேர்த்துச் சொன்னாள். நான் அந்த ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பிப்ரவரி கடைசி. வாத்துகள் இன்னும் கிளம்பவில்லை. நான் மறுபடி இருட்டில் போய் முதல் ஆணியில் வில்லையை மாட்டினேன். இந்தத் தடவை பயமே இல்லை, ஆறாவது வரிதான் இருக்கிறதே. ஆயிரம் பேர் முன்னால் வந்தாலும் அவள் என் பெயரைச் சொன்னால் போதும். இருக்கை உறையைத் துவைத்துப் போட்டிருந்தேன். தாடியைச் சீவியிருந்தேன். சிந்தோ அதே சிவப்புத் துப்பட்டாவில், யார் கையையும் பிடிக்காமல், தனியாக நடந்து வந்தாள். டிக்கெட் வாங்கினாள்.

"யார் வேணும் பாபி? பெயர் சொல்லுங்க, இப்பல்லாம் பெயர் சொல்லலாம்" என்றார் ரூப்கிஷோர், என்னைப் பார்த்துக் கண்ணடித்தபடி.

"ஜோகா சிங்" என்றாள் சிந்தோ.

வாசலே விழுந்து விழுந்து சிரித்தது. ஒருத்தன் சைக்கிள் மணியை அடித்தான். எனக்கு எப்படி இருந்திருக்கும்? காது மடலெல்லாம் சுட்டது. "என்ன இது?" என்று கத்தினேன். "புருஷன் இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன். இந்த வரியை நான் எழுதினது இதுக்கா?"

சிந்தோ கோபப்படவில்லை. இரண்டாவது டிக்கெட் ஒன்றை துப்பட்டா முடிச்சிலிருந்து எடுத்து என் கையில் வைத்தாள்.

"நீங்க மிதிச்சா, நான் பின்னாடி உக்காந்து உங்க முதுகைத்தானே பார்க்கணும்? இருபத்தெட்டு வருஷமா அதைத்தான் பார்க்கிறேன். காலையில போறப்ப முதுகு, சாயங்காலம் கதவுக்கு அந்தப் பக்கம் திரும்பி வண்டியைத் துடைக்கிற முதுகு. ஏறி உக்காருங்க. பக்கத்துல."

நான் ரிக்‌ஷாவின் பின்னால் உட்கார்ந்ததே கிடையாது. சத்தியமாக. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, காலை எங்கே நீட்டுவது என்று தெரியவில்லை. ஜோகா திரும்பிப் பார்த்து, "சவாரிக்காரரே, ரெண்டு காலையும் உள்ள வைங்க. காட்டுக்குள்ள சத்தம் போடக் கூடாது" என்றான். பிறகு மிதித்தான். அவன் மூச்சு வாங்குவது கேட்டது. நானும் தினமும் இப்படித்தான் மூச்சு வாங்குகிறேனா என்று முதல் முறையாக நினைத்தேன்.

வெயில் நன்றாக இருந்தது. குளத்தில் பாம்புத்தாரா ஒன்று இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. நான் பழக்கத்தில் கையை நீட்டி, "அதோ பார், அந்தக் கட்டையில..." என்று ஆரம்பித்தேன். திரும்பினேன்.

அவள் குளத்தைப் பார்க்கவே இல்லை. புதுக் கண்ணாடி போட்ட அந்த ஒற்றைக் கண்ணால், மிக அருகிலிருந்து, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாடி இவ்ளோ வெளுத்துடுச்சா?" என்றாள். கையை நீட்டித் தொட்டாள். "எப்போ?"

"பறவையைப் பாரு சிந்தோ, போயிடும்" என்றேன்.

"போனா வரும். பேசாம இருங்க" என்றாள்.

முன்னால் ஜோகா மிதிப்பதை மெதுவாக்கிவிட்டான்.